நகர்ந்தது நாமா, திரையா?

விளக்குகள் எரிந்தன. இடுப்புப் பூட்டு டக்கென்று திறந்தது. முன்வரிசைப் பையன்கள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். பெரியப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்கி மேலே இருந்த இரும்புச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“ஏப்பா, இப்ப நாம நகர்ந்தோமா, இல்ல அந்தத் திரை நகர்ந்துச்சா?”

நான் வேலை பார்க்கும் நகரத்துக்கு வெளியே இருக்கும் பூங்கா அது. பெயர் வேண்டாம், இது அந்தப் பூங்காவுக்கான மதிப்புரை இல்லை. கோடை விடுமுறைக்கு வன்னியம்பட்டியிலிருந்து பெரியப்பாவும் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தியும் வந்திருந்தார்கள். பாப்பாவுக்காகப் போனோம். ‘ஃப்ளையிங் தியேட்டர்’ என்று ஒன்று. காலைத் தொங்கப் போட்டு உட்கார வைத்து, இருக்கை வரிசையையே மேலே தூக்கி, குவிந்த பெரிய திரைக்கு முன்னால் நிறுத்துவார்கள். மலை, அருவி, கோட்டை, கடல் எல்லாவற்றுக்கும் மேலே பறக்கிறோம். ஐந்து நிமிடம்தான்.

பெரியப்பா ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பத்துநாலு வருடம் ஃபிட்டராக இருந்தவர். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இயந்திரத்தின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். எந்த மெஷினைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாகவேண்டும் அவருக்கு. அன்றைக்கு வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தபோதும் அதே யோசனை. “எண்ணெ வாசமே இல்ல. ஹைட்ராலிக் இல்ல போல. மோட்டாராத்தான் இருக்கும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குரல் இறங்கி, “பிடிபடலப்பா” என்றார்.

அந்த ‘பிடிபடல’ என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நம்மூரில் சினிமாவுக்கு விமர்சனம் உண்டு, நாவலுக்கு உண்டு, பிரியாணிக்கும் உண்டு. வருடத்துக்கு லட்சக்கணக்கான பேர் காசு கொடுத்து உட்கார்ந்து எழுந்துவரும் இந்தக் காட்சிகளுக்கு மட்டும் ‘செம’ என்றோ ‘வொர்த் இல்ல ப்ரோ’ என்றோ ஒற்றை வரிதான். ஆனால் இதுவும் கதை சொல்கிறது. ஒளி, ஒலி, காட்சி, நேரம் எல்லாவற்றையும் சினிமாவைப் போலவே பயன்படுத்துகிறது. கூடவே நம் உடம்பையும் பயன்படுத்துகிறது. உடம்பைத் தொடும் ஒரு கலைக்கு விமர்சனம் வேண்டாமா?

*

முதலில் இதன் வம்சாவளி. இது நேற்று முளைத்ததில்லை.

1894இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு பெரிய கண்காட்சியில் ‘பேய் ஊஞ்சல்’ என்று ஒன்றை வைத்திருந்தார்கள். ஓர் அறை, நடுவில் தொங்கும் பெரிய ஊஞ்சல், அதில் பல பேர். ஊஞ்சல் மெதுவாக ஆட ஆரம்பிக்கும். வீச்சு கூடும். கடைசியில் கூரையைத் தாண்டி முழுவட்டம் சுற்றும். ஆட்கள் இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறுவார்கள். உண்மையில் ஊஞ்சல் லேசாகத்தான் ஆடியது. சுற்றியது அறை. மேசை, விளக்கு, படம் எல்லாவற்றையும் அறையோடு ஆணியடித்து வைத்திருந்தார்கள்.

பெரியப்பா கேட்ட கேள்வியைச் சரியாக அதே வடிவத்தில் அன்றைக்கே யாராவது கேட்டிருப்பார்கள்.

பத்து வருடம் கழித்து, ஜார்ஜ் ஹேல் என்ற அமெரிக்கர், தீயணைப்புத் துறையில் தலைமை அதிகாரியாக இருந்தவர், ரயில் பெட்டி மாதிரி ஒரு கொட்டகை போட்டார். ரயிலின் முன்னால் கேமராவை வைத்து எடுத்த படத்தை எதிரே ஓட்டினார். பெட்டியைக் குலுக்கினார், சக்கரச் சத்தம் கொடுத்தார். ஜனங்கள் டிக்கெட் வாங்கி, ‘பயணம்’ செய்து, ஏறின இடத்திலேயே இறங்கினார்கள். இன்றைய சிமுலேட்டர் ரைடின் எல்லா அம்சமும் அதில் இருந்தது.

நம் பக்கத்துக் கதை இதைவிட ருசியானது. 1984இல் மலையாளத்தில் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ வந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். தயாரித்தவர் நவோதயா அப்பச்சன், இயக்கியவர் அவர் மகன் ஜிஜோ. இசை இளையராஜா. கண்ணாடி போட்டால் ‘மெட்ராஸ் ஐ’ ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு புரளி கிளம்ப, ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடிகளைச் சுத்தம் செய்கிறோம் என்று பிரபல நடிகர்களைப் பேச வைத்துப் படத்துக்கு முன்னால் ஓட்டினார்கள். பிறகு தொண்ணூறுகளில் இதே அப்பச்சன்தான் தாம்பரத்துக்குப் பக்கத்தில் கிஷ்கிந்தாவைக் கட்டினார். அதாவது தமிழ்நாட்டின் பெரிய தீம் பார்க்குகளில் ஒன்று, படம் காட்டுகிற ஒருவரின் மூளையிலிருந்து வந்தது. திரையும் ரைடும் வேறு வேறு சரக்கு இல்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அந்தப் படத்தில் பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் நடந்து, அடுத்த சுவர் வழியாக இறங்கிவரும் பாட்டு ஒன்று உண்டு. சுழலும் அறையைக் கட்டி, கேமராவையும் அறையோடு சேர்த்துச் சுழலவிட்டு எடுத்தது. 1951இல் ஃப்ரெட் அஸ்டேர் இதே வித்தையில் கூரையில் ஆடியிருக்கிறார். பேய் ஊஞ்சலின் தத்துவம்தான், ஆனால் இம்முறை ஏமாறுவது கேமரா.

பெரியப்பா அந்தப் படத்தை மதுரையில் பார்த்தவர். கண்ணாடியை வேட்டித் துணியில் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் போட்டாராம். திரையிலிருந்து நீட்டின பொருளைப் பிடிக்கப் பக்கத்து ஆள் கை நீட்டியதைச் சொல்லி இன்றும் சிரிப்பார். ஆனால் அவர் பெருமையாகச் சொல்வது வேறு. “அந்த ரூம் சீனைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ரூமை உருட்டுறான், கேமராவையும் அதோட கட்டிப்புட்டான். எங்க கார்டிங் மெஷின் சிலிண்டர் மாதிரி.” கூட வந்த நண்பர்கள் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு தீப்பெட்டியை வைத்து உருட்டிக் காட்டியிருக்கிறார்.

நாற்பது வருடமாக வீட்டில் சொல்லப்படும் கதை இது. அப்படிப்பட்ட ஆள்தான் ‘பிடிபடல’ என்று சொன்னார்.

*

அவருக்கு ஏன் பிடிபடவில்லை என்று புரிய, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பஸ் நிற்கிறது. பக்கத்தில் உரசுகிற மாதிரி இன்னொரு பஸ். அது மெதுவாகப் பின்னால் நகர்கிறது. ஒரு நொடி உங்கள் பஸ் முன்னால் கிளம்பிவிட்டதாக உடம்பு சத்தியம் செய்யும். பார்வைப் பரப்பின் பெரும்பகுதி ஒரே திசையில் நகர்ந்தால், ‘நகர்வது நான்தான்’ என்று மூளை முடிவெடுத்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எர்ன்ஸ்ட் மாக் போன்றவர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஃப்ளையிங் தியேட்டரின் குவிந்த திரை அதற்காகத்தான். திரையின் ஓரம் கண்ணுக்கு எட்டிவிட்டால் வித்தை செத்துப்போகும்.

கண் சொல்வதை உள்காது ஒத்துக்கொள்ளவேண்டும். அங்கேதான் இயந்திரம் வருகிறது. உள்காதுக்கு ஒரு குறை உண்டு: வேகம் அதற்குத் தெரியாது, வேகத்தில் ஏற்படும் மாற்றம்தான் தெரியும். சீராக ஓடும் ரயிலில் கண்ணை மூடினால் நிற்பதும் ஓடுவதும் ஒன்றுதான். ஆகவே ‘பறக்கிறோம்’ என்று காட்ட ஆளைக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோக வேண்டியதில்லை. கிளம்பும்போது ஒரு தள்ளு, திரும்பும்போது ஒரு சாய்வு போதும். நீண்ட நேரம் முடுக்கிக்கொண்டே போவதாக உணரவைக்க வேண்டுமா? இருக்கையைப் பின்பக்கம் மெதுவாகச் சாய்த்தால் முதுகில் அழுத்தும் நம் சொந்த எடையையே மூளை ‘வேகம்’ என்று எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கலை விமானிப் பயிற்சி எந்திரங்களிலிருந்து வந்தது. ஐம்பதுகளில் பிரிட்டனில் டன்லப்பில் டயரைச் சோதிக்க காஃப் என்ற பொறியாளர் ஆறு கால்களில் நிற்கும் ஒரு மேடையைச் செய்தார். 1965இல் ஸ்டூவர்ட் அதுபோன்ற ஒரு மேடையை விமானப் பயிற்சிக்கு முன்வைத்தார். 1987இல் டிஸ்னிலாண்டின் ‘ஸ்டார் டூர்ஸ்’ அந்த வழியில் வந்த பயிற்சி எந்திரத்தையே கேளிக்கைக்குக் கொண்டுவந்தது.

இதில் ஒரு சிக்கல். ஆறு கால் மேடையோ, தொங்கும் இருக்கையோ, அதற்கு நகர இடம் கொஞ்சம்தான். முன்னால் ஒரு அடி தள்ளிவிட்டால், அடுத்த தள்ளலுக்கு இடமில்லை. மறுபடி பின்னால் வரவேண்டும். ஆனால் பின்னால் வருவது நமக்குத் தெரியக்கூடாது. அதற்கென்றே கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு பகுதி இருக்கிறது. ‘வாஷ்அவுட்’ என்பார்கள். விநாடிக்குச் சில டிகிரி என்ற அளவுக்கும் கீழே, உள்காதின் கவனத்துக்கு எட்டாத மெதுவில், இருக்கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வைத்துவிடும். திரையில் நீங்கள் மலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள். அதே சமயம் உங்கள் உடம்பு தொடங்கிய இடத்துக்கு ரகசியமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்.

பெரியப்பாவுக்குப் பிடிபடாதது இதுதான். மில்லில் அவர் காதால் கேட்டு, கையால் தொட்டுக் கண்டுபிடித்த இயந்திரங்கள், தாங்கள் நகர்வதை மறைத்ததில்லை. இந்த இயந்திரத்தின் பாதி வேலையே, தான் நகர்வதை அவர் உடம்பிடமிருந்து மறைப்பது.

*

தொழில்நுட்பத்தை மெச்சுவதோடு நிறுத்தினால் அது விளம்பரம். விமர்சனம் என்றால், இந்த வித்தை பார்வையாளரை எங்கே உட்கார வைக்கிறது என்று கேட்கவேண்டும். இங்கே அது நேரடிப் பொருளிலேயே கேள்விதான்.

ஃப்ளையிங் தியேட்டர்களுக்கெல்லாம் மூத்தது, 2001இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னி திறந்த ‘சோரிங்’. அதன் தூக்கும் அமைப்புக்கு மார்க் சம்னர் என்ற பொறியாளர் முதல் மாதிரியைச் செய்தது, பரணில் கிடந்த பிள்ளைகளின் இரும்புத்துண்டு விளையாட்டுச் சாமானில் என்பது புகழ்பெற்ற கதை. 2016இல் படத்தை மாற்றி உலகம் முழுக்கப் பறப்பதாக ஆக்கினார்கள். படம் டிஜிட்டல், துல்லியம் அபாரம். ஆனால் ஓரத்து இருக்கைக்காரர்கள் ஒரு குறை சொன்னார்கள்: ஈஃபிள் கோபுரம் வளைந்து நிற்கிறது.

அது பழுது இல்லை, கணக்கு. குவிந்த திரையில் விழும் படத்துக்கு ஒரே ஒரு சரியான பார்வைப் புள்ளிதான் உண்டு. அங்கே உட்கார்ந்தவருக்குக் கோபுரம் நேராக நிற்கும். விலக விலக வளையும். மலையும் கடலும் வளைந்தால் யாருக்கும் தெரியாது. மனிதன் கட்டின நேர்கோடு வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். நூறு பேர் ஒரே விலை கொடுத்து உட்காரும் அரங்கில், உலகம் நடு இருக்கைக்காரருக்காகவே வரையப்பட்டிருக்கிறது.

1999இல் ஃப்ளோரிடாவில் யுனிவர்சல் பூங்காவில் வந்த ‘ஸ்பைடர்மேன்’ ரைடு இந்தச் சிக்கலை வேறு வழியில் மடக்கியது. வண்டி தண்டவாளத்தில் ஓடும், வழிநெடுக நிஜ அரங்கப் பொருட்களுக்கு நடுவே திரைகள். வண்டி நகர நகர, அந்தந்த நொடியில் வண்டி எங்கே இருக்குமோ அங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படிப் படத்தின் கோணத்தைத் தொடர்ச்சியாக வளைத்துக் கணித்திருந்தார்கள். நிஜத் தெருவும் திரைத் தெருவும் தையல் தெரியாமல் சேர்ந்தன. ஒரு நிரலாளனாக, இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. படம் சரியாக இருக்க, நீங்கள் எந்த நொடியில் எங்கே இருப்பீர்கள், எந்தப் பக்கம் பார்ப்பீர்கள் என்பதை முன்கூட்டியே பூட்டிவிட வேண்டும். திரும்பிப் பார்க்க விட்டால் கணக்கு கெட்டுவிடும்.

தாராசுரத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது. காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு பக்கத்து உடலை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அதுவும் பார்வையை ஏமாற்றும் வித்தைதான். ஆனால் கையைத் தூக்கி மறைப்பது நீங்கள். எப்போது யானை, எப்போது காளை என்று தீர்மானிப்பது நீங்கள். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில், ஆண்டாள் மாலையைச் சூடி அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு உண்டு. ஊரிலிருந்து போகும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதில் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கவேண்டும் என்றால் குனியவேண்டும். அந்தக் குனிதல்தான் அதன் சுவாரசியத்தில் பாதி.

புதிய ரைடுகளில் நமக்குக் குனியும் வேலை இல்லை. நம்மைக் குனிய வைக்கிறார்கள். நம்பவேண்டிய உழைப்பையும் இயந்திரமே செய்துவிடுகிறது. ஏமாறியதற்காக நான் வருத்தப்படவில்லை. ஏமாறுவதில் என் பங்கு என்ன என்றுதான் கேட்கிறேன். மதுரைத் திரையரங்கில் கை நீட்டியவருக்கும், டீக்கடையில் தீப்பெட்டியை உருட்டிய பெரியப்பாவுக்கும் ஒரு பங்கு இருந்தது.

*

சரி, இவ்வளவு நுட்பத்தை வைத்துக்கொண்டு என்ன காட்டுகிறார்கள்?

2013இல் மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே கோப்போலியில் இமேஜிகா திறந்தபோது ‘ஐ ஃபார் இந்தியா’ என்று நாட்டின் மேலே பறக்கும் காட்சி ஒன்றை வைத்தார்கள். உலகெங்கும் இந்த வகைப் படங்களுக்கு ஒரே இலக்கணம்தான்: பனிமலை, பாலைவனம், கோட்டை, அருவி, கடல், கடைசியில் ஒரு நகரத்தின் இரவு வெளிச்சம். ஒவ்வொன்றும் இருபது, முப்பது விநாடி. எங்கும் காலை வெயில் அல்லது மாலை வெயில். கீழே மனிதர்கள் புள்ளிகள், அல்லது கையசைப்பவர்கள். உச்சி வெயிலில் களை பறிக்கிற யாரும் இந்தத் திரைக்கு வரமாட்டார்கள்.

பார்த்துக்கொண்டிருந்தபோது நான் விளையாட்டாக எங்கள் ஊரை இந்த இலக்கணத்தில் எடுத்துப் பார்த்தேன். மேற்கே சுவர் எழுப்பினது மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை. மேகத்தைக் கிழித்துக்கொண்டு கேமரா இறங்கும். கண்மாய்களில் வானம் மின்னும். தென்னந்தோப்பு, மாந்தோப்பு. ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரத்தை ஒரு சுற்று. ஆடிப்பூரத் தேர், வடம் பிடிக்கும் கூட்டம். ‘சோரிங்’கின் முதல் படத்தில் ஆரஞ்சுத் தோப்பு வரும்போது ஆரஞ்சு வாசம் விட்டார்களாம். இங்கே பால்கோவா வாசம் விடலாம். அழகாகத்தான் இருக்கும். நானே கைதட்டுவேன்.

ஆனால் அந்தப் படத்தில் மில் சங்கு இருக்காது. மூன்று ஷிப்டு இருக்காது. பஞ்சுத்தூசி படிந்த புருவத்தோடு சைக்கிளில் வீடு திரும்பும் ஃபிட்டர் இருக்கமாட்டார். தேரை மேலேயிருந்து காட்டலாம், வடம் உள்ளங்கையில் தேய்க்கும் எரிச்சலைக் காட்ட முடியாது. இவ்வளவுக்கும் உடம்பைத் தொடக்கூடிய ஒரே திரைக்கலை இது. கையில் வடத்தைக் கொடுத்து, ஐம்பது பேர் சேர்ந்து இழுத்தால்தான் காட்சி நகரும் என்று ஒரு ரைடு செய்ய இன்றைய தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. இழுவிசையை அளக்கும் சென்சார் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பார்வையாளர் என்றால் தூக்கிச் சுமக்கப்பட வேண்டியவர் என்ற எண்ணம்தான் தடை.

இதற்கு எதிர்முனையில் இரும்பு இருக்கிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே 64 ஏக்கரில், 611 கோடி ரூபாய் முதலீட்டில் வொண்டர்லா திறந்தது. அதன் மணிமகுடம் ‘தஞ்சோரா’ என்ற ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் போலிகர்-மபியார் நிறுவனம் செய்தது. தண்டவாளம் தலைக்கு மேலே, வண்டி அதன் அடியில், கால்கள் அந்தரத்தில். 1992இல் சிகாகோ அருகே ‘பேட்மேன்’ ரைடில் அந்த நிறுவனம் அறிமுகப்படுத்திய வகை. பெயரில்தான் தஞ்சாவூர், மற்றபடி பெரிய கதை எதுவும் அதற்குத் தேவையில்லை. மேலே ஏற்றுகிறார்கள், பிறகு புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. கீழே நின்று பார்த்தாலே எங்கே கவிழும், எங்கே திரும்பும் என்று தெரியும். கண் சொல்வதும் உள்காது சொல்வதும் ஒன்றேதான். எவ்வளவு தூரம் நகர்ந்ததாக உணர்கிறோமோ அவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறோம். திருவிழா மரணக்கிணற்றில் பைக் ஓட்டும் ஆளைப் பார்க்கும்போது வரும் அதே தெளிவு.

உடனே ‘அந்தக் காலத்து ராட்டினம்தான் நல்லது’ என்று நான் முடிக்கப்போவதாக நினைக்காதீர்கள். திருவிழா ராட்டினத்தில் போல்ட்டுக்குப் பதில் கம்பி கட்டியிருப்பதைப் பார்த்து, பாப்பாவை ஏறவிடாமல் இழுத்துவந்தவர் இதே பெரியப்பாதான். புதிய ரைடுகளில் பூட்டு விழவில்லை என்று ஒரு சென்சார் சொன்னால் வண்டி கிளம்பாது. அது பெரிய விஷயம். சென்சாரையும் நம்பாமல், வரிசையாக வந்து ஒவ்வொரு பூட்டையும் கையால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தும் பையன் இருக்கிறானே, அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு மனிதக் கை நம்மைத் தொடுவது அங்கே மட்டும்தான். பெரியப்பா அவனைப் பார்த்து, “நல்லா அமுக்கிப் பாக்குறான், நல்ல வேலக்காரன்” என்றார். மொத்தக் காட்சியிலும் அவர் மனதாரப் பாராட்டியது அதைத்தான்.

*

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்று எனக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. பதில் என் வேலையில் இருக்கிறது. ஒரு வீடியோ செயலியில், நீங்கள் விரலால் தள்ளினால் அடுத்து எது வரவேண்டும் என்று முடிவெடுக்கும் நிரலின் ஏதோ ஒரு மூலையில்தான் எனக்குச் சம்பளம். தள்ளத் தள்ளப் புதிதாக வருகிறது. எங்கேயோ போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலைநிமிர்ந்தால் அதே கட்டில், அதே ஃபேன். வாஷ்அவுட் பற்றிப் படித்தபோது முதலில் வந்தது வியப்பு இல்லை, அடையாளம் கண்டுகொண்ட கூச்சம். நானும் ஆட்களை அவர்களுக்குத் தெரியாமல் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறவன்தான்.

அந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போனேன். வீட்டுத் திண்ணையில் ஒரு முறத்தை எடுத்து, அதன்மேல் தீப்பெட்டியை வைத்து, பெரியப்பாவுக்குக் காட்டினேன். இது இருக்கை. இது திரை, நகராது. படம் மட்டும் ஓடும். இருக்கை இப்படி ஒரு வெட்டு முன்னால், பிறகு தெரியாமல், ரொம்ப மெதுவாகப் பின்னால். மறுபடி ஒரு வெட்டு.

அவர் முறத்தை என் கையிலிருந்து வாங்கினார். தானே செய்து பார்த்தார். மெதுவாகப் பின்னால் சாய்க்கும் இடத்தில் நிறுத்தி, தீப்பெட்டி சறுக்குகிறதா என்று கவனித்தார்.

“அப்ப மொத்தம் எத்தன அடி போயிருப்போம்?”

“மேல தூக்கினத விட்டுட்டா, ரெண்டு மூணு அடி இருக்கும் பெரியப்பா.”

“இம்புட்டுத்தானா!” என்று சிரித்தார். பழைய சிரிப்பு. பிறகு, “அந்தக் கண்ட்ரோல் எழுதுனவன் கெட்டிக்காரன்” என்றார். கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “ஏமாத்துறதுல தப்பில்லப்பா, அதுக்குத்தான காசு குடுத்துப் போறோம். முடிஞ்சப்புறம் வெளிய வர்ற வழியில அந்த மெஷினை ஒரு கண்ணாடி வழியா காட்டலாம்ல? நாங்க என்ன, பிச்சுட்டா போயிருவோம்?”

எனக்கு இதைவிட நல்ல விமர்சன அளவுகோல் தெரியவில்லை. அவர் கேட்பது நியாயம்தான். அந்த மெஷின் வெட்கப்பட்டு மறைக்கவேண்டிய பொருள் இல்லை, மெச்சவேண்டிய பொருள். அதைக் காட்டினால் வித்தை கெட்டுவிடும் என்பது காட்டுபவர்களின் பயம். குட்டிச்சாத்தான் அறையின் ரகசியம் தெரிந்த பிறகும் பெரியப்பா அந்தப் பாட்டை டிவியில் வரும்போதெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறார். என் நிரலுக்கும் அப்படி ஒரு கண்ணாடி வேண்டும் என்று அலுவலகத்தில் பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பேசுவேனா என்று தெரியவில்லை.

மறுநாள் நான் கிளம்பும்போது பெரியப்பாவும் பாப்பாவும் கூடவே ராஜபாளையம் வரை வந்தார்கள், அவளுக்கு நோட்டு வாங்கவேண்டும் என்று. வன்னியம்பட்டி விலக்கில் டவுன் பஸ் பிடித்தோம். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து நின்ற கொஞ்ச நேரத்தில் பக்கத்து பஸ் நகர ஆரம்பித்தது. பாப்பா சட்டென்று முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

“தாத்தா, பஸ் பின்னாடி போகுது!”

பெரியப்பா அவள் தலையை ஜன்னல் பக்கம் மெல்லக் கீழே சாய்த்தார்.

“டயரைப் பாரு பாப்பா” என்றார். “தரையப் பாரு.”